பூஸ்டர் ஒழுகினா யாரு காசு போடணும்?

எங்க பக்கத்து லோடு வண்டிகளோட கேபின்ல மூணு பொருள் தவறாம இருக்கும். சாமி படம், தண்ணி கேன், பிரேக் ஆயில் டப்பா. முதல் ரெண்டையும் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. மூணாவதைப் பாத்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

பிரேக் ஆயில் டீசல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லைங்க. மூடின குழாய்க்குள்ளயே கிடக்கிறது. லைனிங் தேயத் தேய லெவல் கொஞ்சம் இறங்கலாம், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை ஊத்த வேண்டியிருக்குன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஊத்திக்கிட்டே ஓட்டுறது ஓட்டைக் குடத்துல தண்ணி சுமக்கிற கதைதான். குடம் ஒழுகினா போறது தண்ணி. இங்க போறது உசுரு.

நாங்க இருக்கிறது தாளவாடி மலைப்பக்கம். முட்டைக்கோசோ, தக்காளியோ, உருளைக்கிழங்கோ, கீழ சத்தியமங்கலத்துக்கோ கோயமுத்தூருக்கோ போகணும்னா ஆசனூர் வந்து திம்பம் இறங்கியாகணும். 27 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துல பண்ணாரி அம்மன் கோயில். மலை இறங்கி வர்றவங்கள்ல நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நகருவாங்க. ஆத்தா காப்பாத்துவா, சந்தேகமில்லை. ஆனா ரப்பர் வாஷர் மாத்துற வேலையை அவ தலையில கட்டக் கூடாது.

நகரத்துல இருக்கிறவங்களுக்காக இந்த பூஸ்டர் என்னன்னு சொல்லிடறேன். லோடு ஏத்தின வண்டியை நிறுத்த ஒரு மனுசனோட கால் பலம் பத்தாது. அதனால பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவுல கறுப்பா, உருண்டையா ஒரு தகர டப்பா வெச்சிருப்பாங்க. ரெண்டு வாணலியை வாயோட வாய் வெச்சு மூடின மாதிரி இருக்கும். உள்ள ஒரு ரப்பர் திரை. இஞ்சினோட சேந்து ஓடுற வேக்கம் பம்பு, திரையோட ரெண்டு பக்கத்துக் காத்தையும் உறிஞ்சி வெச்சிருக்கும். பெடலை மிதிச்சா ஒரு பக்கம் மட்டும் வெளிக்காத்து உள்ள வரும். அந்தக் காத்து திரையைத் தள்ளும், திரை மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். கால் கொடுக்கிற அழுத்தம் பல மடங்காகி நாலு சக்கரத்துக்கும் போகும்.

பெரிய லாரி, பஸ்ஸுல இருக்கிறது முழு ஏர் பிரேக், அது தனிக் கதை. அமெரிக்காவுல ஓடுற பெரிய டீசல் பிக்கப்புகள் பலதுல ஸ்டியரிங் பம்பு கொடுக்கிற ஆயில் அழுத்தத்தை வெச்சே பூஸ்டர் வேலை செய்யும். அது ஒழுகினா ஆயில் வெளிய வடியும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஓட்டுறவனுக்குச் சீக்கிரமே தெரிஞ்சுடும். நம்ம சின்ன லாரிகள்ல அந்த எச்சரிக்கை கிடையாது. மாஸ்டர் சிலிண்டரோட பின்பக்க வாஷர் தேஞ்சா ஆயில் நேரா பூஸ்டருக்குள்ள போயிடும். தரையில ஒரு சொட்டு விழாது, சக்கரத்துல ஈரம் இருக்காது. டப்பாவுல லெவல் மட்டும் இறங்கிக்கிட்டே இருக்கும். உள்ள தேங்கின ஆயில் ரப்பர் திரையைக் கெடுக்கும். ஒரு நாள் பெடல் கல்லு மாதிரி இறுகும்.

போன வருஷம் எங்க நாலு காட்டு முட்டைக்கோசையும் ஏத்திட்டுப் போற தம்பியோட வண்டியில இதுதான் நடந்தது. "மூணு மாசமா ஊத்தித்தானுங்ணா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே"ன்னான். மெக்கானிக் நட்டைக் கழட்டி மாஸ்டர் சிலிண்டரை முன்னாடி இழுத்ததும் பூஸ்டர் வாயிலிருந்து ஆயில் வழிஞ்சது. அதுக்கப்புறம் அவன் ஒண்ணும் பேசலை.

அவன் முன்னாடி மூணு வழி இருந்தது. மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போடறது, செலவு நூறுகள்ல முடியும். காயலாங்கடையில பழைய பூஸ்டர் வாங்கி மாட்டறது. இல்லைன்னா பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் ரெண்டுமே புதுசு, அது ஆயிரங்கள்ல போகும். ஆயில் ஊறின திரையை வெச்சுக்கிட்டு வாஷரை மட்டும் மாத்தினா பாதி வேலைதான் முடியும். காயலாங்கடைப் பொருளுக்கு எத்தனை வயசுன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டையும் புதுசா போடறதுதான் சரி. ஆனா மாசத் தவணை நிக்குது, டயர் வழுக்கையாயிடுச்சு, அறுவடை நேரத்துல வண்டி ரெண்டு நாள் நின்னா லோடு வேற வண்டிக்குப் போயிடும். அவன் கிட்டைத்தான் கையில எடுத்தான்.

நாங்க நாலு பேரும் பேசி, பாதிச் செலவை நாங்க போடறது, மீதியை முன்பணமாக் கொடுத்து வாடகையில கழிச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். ஊர்ல உடனே ஒருத்தர் கேட்டார்: "வண்டி அவனுது, லாபம் அவனுக்கு. பிரேக்குக்கு நாம எதுக்குக் காசு போடணும்?"

நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான். வாடகை பேசுறப்போ டீசல் விலையைப் பேசுறோம், ஏத்துகூலி இறக்குகூலி பேசுறோம். தேய்மானத்தை யாரும் பேசறதில்லை. ரெண்டு வண்டிக்காரங்க வந்தா குறைச்சுக் கேக்கிறவனுக்கு லோடு. குறைச்சுக் கேட்டவன் எதைக் குறைப்பான்? டீசலைக் குறைக்க முடியாது, தவணையைக் குறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத்தான் தள்ளிப்போடுவான். குறைஞ்ச வாடகைங்கிறது பல நேரம் மாத்தாத வாஷரோட விலைதான். அந்த வாடகையில லாபம் பாக்கிறவங்க எல்லாருக்கும் அந்த வாஷர்ல பங்கு இருக்கு. விளைவிக்கிற எங்களுக்கு, கமிஷன் கடைக்காரருக்கு, கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக் கேட்டு வாங்குற உங்களுக்கும்தான்.

எஃப்.சி. இருக்கேன்னு கேப்பீங்க. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். அன்னைக்கு பிரேக் பிடிச்சதுக்குத்தான் அந்தக் காகிதம் சாட்சி. அடுத்த மாசம் கிழியப்போற வாஷருக்கு அது பொறுப்பில்லை.

மாத்துற வேலையிலயும் அவசரம் கூடாது. பூஸ்டர்லேருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுற கம்பியோட இடைவெளி சரியா இருக்கணும். கம்பி நீளமா இருந்தா பிரேக் பிடிச்சபடியே ஓடி டிரம் கொதிக்கும். குட்டையா இருந்தா பெடல் ஆழமாப் போகும். குழாயில காத்து நிக்காம நாலு சக்கரத்துலயும் ஏர் எடுக்கணும், வழக்கமா தூரத்துச் சக்கரத்துலேருந்து ஆரம்பிப்பாங்க. திறந்து கிடந்த பழைய டப்பா ஆயிலை ஊத்தவே கூடாது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கிறப்போ குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா அது 140 டிகிரிக்கு இறங்கிடலாம். மலையிறக்கத்துல பிரேக் சூடேறி ஆயில் கொதிச்சா குழாயில ஆவி நிக்கும். மிதிச்ச பெடல் அப்படியே தரைக்குப் போகும்.

டீசல் மிச்சம் பண்றேன்னு இஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல இறங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இஞ்சின் நின்னா வேக்கம் பம்பும் நின்னுடும். ரெண்டு மூணு மிதியோட பூஸ்டர் காலி. அதுக்கு மேல உங்க கால் பலம்தான் பிரேக்.

நீங்க வீடு மாத்த மினி லாரி பிடிச்சாலும் சரி, சொந்த வண்டி வெச்சிருந்தாலும் சரி, ஒரு நிமிஷ சோதனை இருக்கு. இஞ்சினை அணைச்சுட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, இறுகும். காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் தானா கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டர் பக்கம் கோளாறு. இஞ்சின் ஓடுறப்போ மிதிச்சுப் பிடிச்சா பெடல் மெல்ல மெல்ல அமுங்கிக்கிட்டே போனா ஆயில் எங்கயோ கசியுது. ரெண்டுல எது நடந்தாலும் அந்த வண்டியில லோடு ஏத்தாதீங்க.

இப்போ நாங்க வாடகை பேசுறப்போவே லோடுக்கு நூறு ரூபா தனியா எடுத்து வெக்கிறோம். வாடகையோட சேக்கிறதில்லை, பிரேக், டயர் வேலைக்கு மட்டும்தான் எடுக்கணும்னு பேச்சு. 50 கிலோ மூட்டை ஐம்பது ஏத்தினா மூட்டைக்கு ரெண்டு ரூபா, கிலோவுக்கு நாலு காசு. முட்டைக்கோசு விலையில அந்த நாலு காசைக் கூட்டிச் சொல்ல எங்களுக்குக் கூச்சம் இல்லை. கொடுக்க உங்களுக்கும் மனசு வரணும்.