யானை இல்லை என்றால் உயிரே இல்லையா?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தண்டலம், ஒரகடம் பக்கம் நிலம் கைமாறும்போதெல்லாம் ஒரு பேச்சு எழுகிறது: "ஃபானா என்றால் காட்டு மிருகம். இங்கே காடா இருக்கிறது? வெறும் பொட்டல்." கேட்டுக் கேட்டுப் பலரும் நம்பிவிட்டார்கள். இதில் ஃபானா என்ற சொல்லுக்குத் தரும் பொருளும் தவறு, பொட்டல் என்பதும் தவறு.

ஃபானா என்பது ரோமானியப் பெண்தெய்வத்தின் பெயர். அவளுடைய இணையான ஃபானஸ் காட்டோடு வயலுக்கும் மேய்ச்சலுக்கும் மந்தைக்கும் காவல். ஸ்வீடனின் லின்னேயஸ் 1746இல் தம் நாட்டு உயிர்களைத் தொகுத்து 'ஃபானா ஸ்வேசிகா' என்று பெயரிட்டார். அதில் பூச்சிகளும் புழுக்களும் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் வாழும் விலங்குயிர் அத்தனைக்கும் அந்தச் சொல் நிலைத்தது இந்த வழியில்தான். நம் நாட்டிலும் 1888இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் இந்தியாவின் ஃபானா' நூல்வரிசை யானை, புலியோடு நிற்கவில்லை. எறும்புக்கு 1903இலும் மண்புழுவுக்கு 1923இலும் அட்டைக்கு 1927இலும் நூல் வந்தது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு என்று தள்ளவும் முடியாது. தொல்காப்பியத்தின் மரபியல் நத்தையையும் கறையானையும் எறும்பையும் நண்டையும் தும்பியையும் அறிவின்படி வரிசைப்படுத்துகிறது.

பொட்டல் என்ற பேச்சுக்கு வருவோம். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. அந்தப் பாம்புகள் அடர்காட்டில் பிடித்தவை அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து வரப்பு, எலிவளை, புற்று, முட்புதர், அதாவது நாம் பொட்டல் என்று ஒதுக்கித் தள்ளும் அதே நிலந்தான் அவற்றின் வீடு.

வயலில் தண்ணீர் நிற்கும்போது நத்தைகுத்தி நாரையைக் கவனியுங்கள். மூடிய அலகின் நடுவிலும் ஓர் இடைவெளி தெரியும். சேற்றைத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உருவித் தின்னும். "பறவைதானே, வேறு ஏரிக்குப் போய்விடும்" என்பார்கள். நாரை போகலாம். கோடையில் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் நத்தை எங்கே போகும்? அதன்மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கதை அங்கேயே முடிந்தது.

இந்த உயிர்களைக் கணக்கில் கொண்டுவர வழி உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கிராமசபையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். மீன் பிடிப்பவரையும் மாடு மேய்ப்பவரையும் இருளர் பெரியவரையும் உட்காரவைத்து, அதில் விட்டுப்போன உயிர்களின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். நிலம் கைமாறும் முன்பே அது நடக்க வேண்டும்.