குளத்துப் பம்புக்கும் வேலை நேரம்!

வீட்டின் பின்புறத்தில் ஒரு நீச்சல் குளம். குளத்தின் ஓரத்தில் ஒரு பம்பு. அந்தப் பம்பு எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எத்தனை மணிக்கு ஓயவேண்டும் என்று ஒரு சர்க்கார் விதி போடுமா?

போட்டிருக்கிறது! அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில் அந்த விதி 2025 செப்டம்பர் 29-ம் தேதி அமலுக்கு வந்தது.

நீச்சல் குளத்துப் பம்பை இயக்கும் தானியங்கிக் கருவிகளுக்கான விதி அது. இனிமேல் தயாராகும் கருவிகள், பகல் 9 மணி முதல் 3 மணி வரை பம்பை ஓட்டும்படி அமைக்கப்பட்டே கடைக்கு வரவேண்டும். மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை பம்பு ஓயவேண்டும்.

குளிக்கிற குளத்தைப் பற்றி இவ்வளவு கவலையா என்று கேட்கத் தோன்றும். கவலை குளத்தைப் பற்றியது அல்ல. மாலையில் விளக்கு எரியுமா, அணையுமா என்பதைப் பற்றியது!

பத்து லட்சம் குளங்கள்

கலிபோர்னியா வெயில் மிகுந்த ராஜ்யம். வசதி மிகுந்த ராஜ்யமும்கூட. அங்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நீச்சல் குளங்கள் உள்ளன. பெரும்பாலானவை வீடுகளில் இருப்பவை.

குளத்துத் தண்ணீரைத் தேங்க விட்டால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். ஆகவே தினமும் பல மணி நேரம் பம்பு ஓடவேண்டும். தண்ணீரை இழுத்து, வடிகட்டியில் செலுத்தி, திரும்பக் குளத்தில் விடுவது அதன் வேலை.

பழைய பம்பு ஒன்று ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரம் இழுக்கும். பத்து லட்சம் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடினால்? 1,500 மெகாவாட்! அது ஒரு பெரிய மின்சார நிலையத்தின் உற்பத்தி.

எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஐந்தில் ஒன்று மாலை 6 மணிக்கு ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் 300 மெகாவாட் ஆகிறது. இந்த 300 பெரிதா, சிறிதா?

அதைத் தெரிந்துகொள்ள 2020-ம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

இருண்ட இரண்டு மாலைகள்

2020 ஆகஸ்டு 14, 15 தேதிகளில் கலிபோர்னியாவில் கடும் அனல் வீசியது. வீட்டுக்கு வீடு குளிர்சாதன யந்திரங்கள் ஓடின. மாலையில் மின்சாரம் போதவில்லை. பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவு போயிற்று. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. 2001-ம் ஆண்டுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

15-ம் தேதி எவ்வளவு மின்சாரத்தை நிறுத்தும்படி உத்தரவு? சுமார் 500 மெகாவாட்.

இப்போது 300 மெகாவாட் பெரிதா, சிறிதா என்பது புரிந்துவிடும். வேண்டாத நேரத்தில் ஓடும் பம்புகளை நிறுத்தி வைத்தாலே பற்றாக்குறையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்!

அனல் நாளில் மின்சாரம் நிற்பது விளையாட்டு அல்ல. முதியவர்கள் இருக்கும் வீட்டில், நோயாளி படுத்திருக்கும் வீட்டில், அது உயிர்ப் பிரசினை.

2022 செப்டம்பர் 6-ம் தேதி மறுபடியும் சோதனை வந்தது. ராஜ்யத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவில் வெயில் 46 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மின்சாரத் தேவை 52,061 மெகாவாட்டாக உயர்ந்தது. அதற்கு முன் அங்கே அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை.

மாலை 5.45 மணி சுமாருக்கு இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட செல்போன்களில் ஓர் அவசரச் செய்தி ஒலித்தது. "வேண்டாத மின்சாரத்தை நிறுத்துங்கள்" என்பதுதான் அதன் சாரம். ஜனங்கள் எழுந்து போய் சுவிட்சுகளை அணைத்தார்கள். சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது. அன்று ராஜ்யம் தப்பியது.

ஆனால், ஒவ்வொரு அனல் நாளிலும் கோடிப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? "மனிதன் மறந்தாலும் யந்திரம் மறக்காமல் இருக்கட்டும்" என்ற எண்ணத்துக்கு இந்தச் சம்பவம் வலு சேர்த்தது.

பகலில் வெள்ளம், மாலையில் வறட்சி

மாலையில் மட்டும் ஏன் தட்டுப்பாடு?

கலிபோர்னியாவில் சுமார் 20 லட்சம் கூரைகளில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. பாலைவனத்தில் பெரிய சூரிய மின் நிலையங்களும் உண்டு. நண்பகலில் மின்சாரம் வெள்ளமாக வருகிறது. சூரியன் சாய்ந்ததும் அது வற்றிவிடுகிறது. ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, அடுப்பும் விளக்கும் போடும் நேரமும் அதுவே!

இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால் ஒரு வாத்தின் உருவம் தெரியும். நண்பகலில் வாத்தின் வயிறு. மாலையில் அதன் கழுத்து. அந்த ராஜ்யத்தின் மின்சாரப் பாதையை நிர்வகிக்கும் அமைப்பு 2013-ம் ஆண்டில் இந்தப் படத்தை வெளியிட்டது. அதற்கு "வாத்து வளைவு" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாங்க ஆள் இல்லாததாலும், கொண்டு செல்லப் போதிய பாதை இல்லாததாலும், 2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 340 கோடி யூனிட் சூரிய, காற்று மின்சாரம் உற்பத்தி செய்யப்படாமலே நிறுத்தப்பட்டது. பகலில் அவ்வளவு வீண். மாலையில் பஞ்சம்!

இதற்கு ஒரு வழி, பகல் மின்சாரத்தை பாட்டரியில் சேர்த்து வைப்பது. கலிபோர்னியா அதையும் செய்கிறது. 2024 ஏப்ரலில் அங்குள்ள பாட்டரிகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது.

மற்றொரு வழி, மாலை வேலையைப் பகலுக்கு மாற்றுவது. சமையலை மாற்ற முடியாது. விளக்கை மாற்ற முடியாது. குளத்துப் பம்பை மாற்றலாம். அது பகலில் ஓடினாலும் இரவில் ஓடினாலும் தண்ணீர் சுத்தமாகும். பாட்டரிக்குப் பணம் வேண்டும். நேரத்தை மாற்ற அநேகமாகச் செலவே இல்லை!

மெதுவாக ஓடினால் லாபம்

நேரம் மட்டுமல்ல, வேகமும் முக்கியம்.

பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரமும் பாதியாகத்தான் குறையும் என்று பலர் நினைப்பார்கள். அதுதான் இல்லை! கணக்குப்படி அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

பாதி வேகத்தில் பாதித் தண்ணீர்தான் போகும். ஆகவே இரு மடங்கு நேரம் ஓட்டவேண்டும். அப்படி ஓட்டியும் மொத்தச் செலவு நாலில் ஒரு பங்குதான்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒன்றரை கிலோவாட் பம்பு 6 மணி நேரம் ஓடினால் 9 யூனிட். பாதி வேகத்தில் 12 மணி நேரம் ஓடினால் சுமார் இரண்டேகால் யூனிட். கலிபோர்னியாவில் ஒரு யூனிட் சுமார் 30 சென்ட். மாதம் 81 டாலர் ஆகும் இடத்தில் 20 டாலர் ஆகிறது. குழாய், வடிகட்டி ஆகியவற்றின் தடையால் நடைமுறையில் மிச்சம் இதைவிடக் குறையும். பாதி மிச்சமானாலும் லாபம்தானே!

இதனால்தான் அமெரிக்க மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் ஒரு விதியை அமல் செய்தது. வீட்டுக் குளங்களுக்கான புதிய பம்புகளில் பெரும்பாலானவை வேகத்தை மாற்றக்கூடியவையாக இருக்கவேண்டி வந்தது.

மெதுவாக ஓட்டும்போது 6 மணி நேரம் போதாமல் போகலாம். அப்போது காலையில் முன்னதாகவே தொடங்கலாம். தவிர்க்க வேண்டியது மாலை நேரத்தைத்தான்.

கூரையில் வெந்நீர்

குளத்து நீரைச் சூடாக்கவும் சூரியனே போதும். கூரையில் கருப்பு நிறப் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாய்களை விரிக்கிறார்கள். அதன் பரப்பு, குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை இருக்கும். பம்பு தண்ணீரைக் கூரைக்கு ஏற்றுகிறது. வெயிலில் சூடான தண்ணீர் திரும்பக் குளத்தில் விழுகிறது.

இங்கே ஒரு சிக்கல். மேகம் மூடினால் கூரை குளிர்ந்துவிடும். அப்போதும் தண்ணீர் மேலே போனால் குளத்தின் சூடு குறையும். இதைத் தடுக்க இரண்டு வெப்பமானிகளை வைக்கிறார்கள். ஒன்று கூரையில், மற்றொன்று குழாய்த் தண்ணீரில். தண்ணீரைவிடக் கூரை சில டிகிரி கூடுதலாகச் சுட்டால்தான் வால்வு திறக்கும். இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும்.

கோடையில் குளம் மிகவும் சூடாகிவிட்டால் இதே குழாயில் இரவு நேரத்தில் தண்ணீரை ஓட்டிக் குளிரச் செய்யலாம். அதையும் இரவு 9 மணிக்கு மேல் செய்தால் மாலைத் தட்டுப்பாட்டில் சேராது.

யந்திரத்தைவிட எளிய உபாயமும் ஒன்று உண்டு. குளத்தை மூடி வைப்பது! குளத்தின் சூடு பெரும்பாலும் ஆவியாகவே போகிறது. ஒரு மூடுதுணி போட்டால் சூடாக்கும் செலவில் பாதிக்கு மேல் மிச்சம்.

வீட்டுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

இப்போது வீட்டைத் தானே இயக்கும் கருவிகள் பல வந்துவிட்டன. 'ஹோம் அசிஸ்டென்ட்' என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒரு கம்ப்யூட்டர் நிரல். கைக்கடக்கமான ஒரு சிறிய கம்ப்யூட்டரிலேயே அது ஓடும்.

அது ஒரு கணக்குப்பிள்ளையைப்போல வேலை செய்கிறது. கூரைத் தகடு எவ்வளவு மின்சாரம் தருகிறது? வீடு எவ்வளவு உபயோகிக்கிறது? மீதி இருக்கிறதா? இருந்தால் பம்பை ஓட்டு. மேகம் வந்தால் வேகத்தைக் குறை. நாள் முடிவதற்குள் தேவையான நேரம் ஓடியதா என்று பார்.

இதில் பண லாபமும் உண்டு. 2023 ஏப்ரல் 15-க்குப் பிறகு சூரியத் தகடு போட விண்ணப்பித்தவர்களுக்கு, மிஞ்சிய மின்சாரத்தைக் கம்பெனிக்கு விற்றால் கிடைக்கும் விலை முன்பிருந்ததில் சுமார் கால் பங்காகிவிட்டது. குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, மாலையில் அதிக விலைக்கு வாங்குவதைவிட, தன் மின்சாரத்தைப் பகலிலேயே தான் உபயோகிப்பது மேல் அல்லவா?

ஆனால் சில எச்சரிக்கைகளும் உண்டு.

பம்பு மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். விளக்குக்கு ஏற்ற மலிவான தானியங்கிப் பிளக்கை அதற்குப் போட்டால் தொடர்பு உருகித் தீப்பிடிக்கலாம்.

குளத்தருகே தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே கம்பி வேலையைத் தேர்ந்த எலெக்டிரீசியனே செய்யவேண்டும்.

பம்பு நின்றதும் தண்ணீரைச் சூடாக்கும் யந்திரமும், குளோரின் உண்டாக்கும் யந்திரமும் நிற்கவேண்டும்.

இணையத் தொடர்பு அறுந்தாலும் கருவி வேலை செய்யவேண்டும். எல்லாம் பழுதானாலும் கையால் அணைக்க ஒரு சுவிட்சு இருக்கவேண்டும்.

விதி நியாயமா?

"என் வீட்டுக் குளத்தில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆனால் விதி அவர்கள் கையைக் கட்டவில்லை. வீட்டில் ஏற்கனவே உள்ள பழைய கருவியை அது தொடவில்லை. புதிய கருவியிலும், வீட்டுக்காரர் விரும்பினால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் கடையிலிருந்து வந்த அமைப்பை மாற்றுவதில்லை. அந்த வழக்கத்தைத்தான் இந்த விதி நல்லதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. இணையத்தில் இணைந்த கருவியை வெளியாள் ஒருவன் கைப்பற்றினால் என்ன ஆகும்? லட்சம் பம்புகளை ஒரே நொடியில் ஓட விட்டால்? ஆகவே வீட்டுக்காரரின் சம்மதம், கருவியின் பாதுகாப்பு ஆகிய இரண்டும் ஏட்டோடு நின்றுவிடாமல் நடப்பிலும் இருக்கவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொந்தக் குளமும் சூரியக் கூரையும் உள்ளவர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் குளமும் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் மின் நிலையத்துக்கும் கம்பிக்கும் ஆகும் செலவு அவருடைய பில்லிலும் வருகிறது. மாலை நெருக்கடி குறைந்தால் புதிதாக மின் நிலையம் கட்டும் தேவையும் குறையும். அதன் பலன் வாடகை வீட்டுக்காரருடைய பில்லிலும் தெரியவேண்டும். அப்படித் தெரிந்தால்தான் விதி முழு வெற்றி.

குளம் வைத்திருப்பவர் இழப்பது ஒன்றும் இல்லை. பகலில் ஓடிய பம்பும் அதே தண்ணீரைத்தான் சுத்தம் செய்கிறது. ஆனால் அனல் வீசும் ஒரு மாலையில், எங்கோ ஒரு சிறிய வீட்டில், ஒரு முதியவரின் விசிறி நிற்காமல் சுழல அது உதவக்கூடும்.