நடக்கச் சொல்றீங்களே, எங்கே நடக்க?

"சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் நடங்க." டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு அந்தச் சீட்டை எழுதட்டும். வேளச்சேரி மெயின் ரோட்டின் நடைபாதையில் பைக் நிற்கும், டிரான்ஸ்பார்மர் நிற்கும், இளநீர் வண்டி நிற்கும். இடமில்லாதது நடக்கிறவனுக்கு மட்டும்தான். மழை பெய்துவிட்டால் எது பாதை, எது மூடியில்லாத கால்வாய் என்று கால் வைத்தால்தான் தெரியும்.

அதனால் என்ன ஆகிறது? தெருமுனையில் பால் வாங்கக்கூட ஸ்கூட்டியை எடுக்கிறோம். ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குப் போகிற பிள்ளைகள் மேடவாக்கம் டிராஃபிக்கில் உட்கார்ந்து, ஆபீஸில் உட்கார்ந்து, திரும்பவும் டிராஃபிக்கில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காருகிறார்கள். கொத்தமல்லிக் கட்டுகூட செல்போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறது.

லண்டனில் 1953-இல் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு பெரிது என்பதையும் பிறகு கண்டுபிடித்தார். நம்மூர் பஸ்ஸில் கண்டக்டரும் சீட்டில் உட்கார்ந்தபடி காசைக் கைமாற்றி வாங்கித்தான் டிக்கெட் கொடுக்கிறார். அந்த நெரிசலில் அவர்தான் என்ன செய்வார்! மோரிஸ் தாம்பரம் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒப்பிட ஆளே கிடைத்திருக்காது.

காலையில் அரை மணி நேரம் நடந்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்றும் நினைக்க முடியவில்லை. தசை அசைந்தால்தான் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கொழுப்பைப் பிரிக்கும் நொதியும் மந்தமாகிவிடும். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்கு அந்தக் கேட்டை ஈடுகட்ட தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு வேண்டும் என்கிறது, பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டி 2016-இல் வெளியான ஆய்வு. "நான் ஒல்லிதானே" என்று தப்பிக்கவும் வழியில்லை. நம் உடம்புவாகுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பைத் தாண்டினாலே ஆபத்து.

2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 2019–21 குடும்பநல ஆய்வில் இங்கே பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இத்தனை பேரும் சோம்பேறிகளா என்ன?

'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. பாதை குறித்தது. நல்ல காரியம்தான். சென்னைக்கு அது பெசன்ட் நகரில். தாம்பரத்துக்காரர் அங்கே நடப்பதற்கு வண்டி பிடித்துப் போக வேண்டும்! சிட்லபாக்கம் ஏரிக்கரையில் பாதை போட்டார்கள். காலையில் போய்க் கூட்டத்தைப் பாருங்கள். இடம் இருந்தால் சனம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏரிக்கரையில் சுற்றி வருவது வேறு, கடைக்கும் கோயிலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தே போய் வருவது வேறு. இரண்டாவதுதான் உட்காரும் நேரத்தைக் குறைக்கும்.

ஆகவே ஐயா, இன்னொரு மாரத்தானும் டி-ஷர்ட்டும் வேண்டாம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உடையாத, யாரும் மறிக்காத நடைபாதை ஒன்று போட்டுக் கொடுங்கள். அதன்மேல் பைக்கை ஏற்றுகிறவருக்கு, அது நானாகவே இருந்தாலும், அபராதம் போடுங்கள்.