உப்பைக் கூட்டாத தோட்டம்

வீட்டில் இயற்கை முறையில் தோட்டம் போட வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், விதையைப் பற்றி நான் பேச்செடுப்பதில்லை. "உங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்றுதான் கேட்பேன். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போர் தண்ணி உப்பு அண்ணாச்சி. நல்ல தண்ணி குடிக்கவே காணாது." தோட்டத்தின் விதி அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, நம் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு செடி வைத்த பைக்குள்ளேயே தங்கும். ஒரு கோடைக்குள் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும். இலையின் ஓரம் கருகும். சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு கை யூரியாவோ கலப்பு உரமோ போடுவார்கள். ரசாயன உரமும் கடைசியில் மண்ணில் உப்பைத்தானே கூட்டும்! மண்ணில் ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் செடி வாடும். அதனால்தான் சொல்கிறேன்: இந்த ஊரில் இயற்கை உரம் என்பது நாகரிகத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் வழி இல்லை. மட்கிய எரு ஈரத்தைப் பிடித்து வைக்கும், தண்ணீர் ஊற்றும் முறை குறையும், உப்பும் குறைவாகச் சேரும். மாடித் தோட்டம் பற்றிய பேச்சுகளில் எல்லாவற்றையும் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உப்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் வெடியுப்பு என்று சொல்கிற பொட்டாசியம் நைட்ரேட்தான் உரக்கடையில் 13:0:45 என்ற பெயரில் மூட்டையில் நிற்கிறது. உலகத்திலும் உரமும் வெடிமருந்தும் ஒட்டிப் பிறந்தவைதான். காற்றிலிருக்கும் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் பெரிய ஆலை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உரத்துக்காகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்து, அந்தத் தொழில்நுட்பம் வெடிமருந்துக்குத் திரும்பியது. 1921 செப்டம்பர் 21 அன்று அதே ஓப்பாவில் குவித்து வைத்திருந்த உரம் வெடித்து 500 பேருக்கு மேல் மாண்டார்கள். உரக் குவியலே வெடித்துச் சிதறியது என்றால் வேறு ஊர்க்காரர்கள் நம்பத் தயங்கலாம். சிவகாசியில் தயங்க மாட்டார்கள்.

அந்த அறிவு வீட்டுக் கொல்லைக்கும் வர வேண்டும். கெமிக்கல் வந்த சாக்கும் டிரம்மும் தகர டின்னும் மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றில் மண்ணைக் கொட்டிக் கீரை போடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பச்சை உப்பு என்று தொழிலில் சொல்லும் பேரியம் நைட்ரேட் உடம்புக்கு நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்ததும் அந்த நச்சுத்தன்மையால்தான். வேலைக்குப் போட்டுப் போன துணியைத் துவைத்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகக் கூடாது. தீபாவளிக் குப்பையைக் கூட்டி மட்குக் குழியில் தள்ளக் கூடாது. அச்சகங்களில் மிஞ்சும் வழவழப்பான வண்ணத் தாள் துண்டுகளும் அப்படித்தான். பழுப்பு அட்டையைக் கிழித்துப் போடலாம், அதுவும் ஒட்டுத்தாளை உரித்துவிட்டு. நாள் முழுக்க மருந்துத் தூசியில் வேலை பார்த்து வருகிற தாய், சாயங்காலம் பறித்துப் பிள்ளைக்குக் கடைந்து கொடுக்கிற கீரையாவது சுத்தமான மண்ணில் வந்ததாக இருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? தீபாவளிக்கு மறுவாரம். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு தொடங்கி, அக்கினி நட்சத்திரத்தில் எல்லாம் கருகி, "நமக்கு ராசியில்லை" என்று விட்டவர்கள்தான் இங்கே அதிகம். தீபாவளி வரைக்கும் மூச்சுவிட நேரமில்லாத பட்டாசுத் தொழில் அதற்குப் பிறகு சில வாரங்கள் ஓய்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்கிறது. நேரமும் நல்ல தண்ணீரும் ஒன்றாகக் கிடைப்பது இந்தப் பகுதிக்கு ஆண்டில் அந்த ஒரு பருவத்தில்தான். பைகளைத் திறந்த வெளியில் வைத்து மழையில் நன்றாக நனைய விடுங்கள். சேர்ந்த உப்பு அடியில் வடிந்து போகும். தகரக் கூரையிலிருந்து கொட்டுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி கழித்துவிடுகிற தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, அது உப்பைத் திரட்டிய தண்ணீர்.

இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் 1960களில் வேலை பார்த்தது இங்கிருந்து பக்கத்தில், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில். மழையை நம்பி நிற்கிற கரிசல்காட்டில் விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் வீரிய விதையையும் வைத்துச் செய்கிற ஆராய்ச்சி ஏழை விவசாயிக்கு எதற்கு உதவும் என்று கேட்டார். 1969இல் வேலையை விட்டே வெளியேறினார். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவருக்கு இந்த வறண்ட மண்தான் அந்தக் கேள்வியைக் கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மண்ணுக்கு வருகிறேன். கரிசலை அப்படியே பையில் நிரப்பினால் நனைந்தால் களியாகும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல், செம்மண் அல்லது மணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். தென்னை நார்க் கழிவு சேர்ப்பதாக இருந்தால் அதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். அதிலும் உப்பு இருக்கிறது. எருவுக்கு ஆட்டுப் புழுக்கையை விட்டால் இந்த ஊரில் வேறு என்ன? கோடையில் காட்டில் கிடை போட்டு நிலத்தைத் தேற்றிய மக்கள் நாம். புழுக்கையை நொறுக்கி, நனைத்து, சில மாதங்கள் மட்கவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். சமையலறைக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு வைத்துத் தொட்டியில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். மழை ஊர்களில் மட்குத் தொட்டி அழுகும். நம் ஊரில் காய்ந்துபோய் அப்படியே கிடக்கும். ஈரச் சாக்கு அதற்காகத்தான்.

பீன்ஸும் கேரட்டும் உப்பைத் தாங்காத பயிர்கள், முதல் வருடம் அந்த ஆசை வேண்டாம். சிறுகீரை 25 நாளில் கைக்கு வரும். தண்டுக்கீரை, சீனியவரை, வெண்டை, கத்தரி எல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. தரையில் இடம் இருந்தால் ஒரு முருங்கை வையுங்கள். பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 செடிமுருங்கையின் மூலமே, தூத்துக்குடி போகும் வழியில் இருக்கிற எப்போதும்வென்றான் ஊர் முருங்கைதான். பைகளை மாடியில் வைப்பவர்கள் பிற்பகல் வெயில் மறைகிற சுவரோரம் பாருங்கள்.

அதலைக்காயையும் மறக்காதீர்கள். மழை விழுந்ததும் கரிசலுக்குள் தூங்குகிற கிழங்கு தானாக முளைத்துக் கொடி விடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்ச் சந்தைகளில் படி வைத்து விற்கிற இந்தக் காய், பாகற்காய்க்கு உறவு. உரமும் மருந்தும் கேட்காத காய் அது. ஒரு கிழங்கு கிடைத்தால் கொல்லையில் கரிசல் உள்ள மூலையில் புதைத்து வையுங்கள்.

பூச்சிக்குப் பெரிய பேச்சு தேவையில்லை. ஆனி, ஆடியில் வேப்பமரத்தடியில் பழம் கொட்டும். பொறுக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். கொட்டையை உடைத்து எடுத்த 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. போகும்போது ஒரு பாட்டிலில் உங்கள் வீட்டுப் போர் தண்ணீரை எடுத்துப் போங்கள்.