கைப்பிரேக் மறவாதீர்!

2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவா நிலையத்தில் நிறுத்தியிருந்த சரக்கு ரயில் ஒன்று டிரைவரின்றியே உருண்டு, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபில்தான் நின்றது. இறங்குமுன் கைப்பிரேக் போடவில்லை என்று தெரிய வந்தது. உயிர்ச்சேதம் நேராதது நற்பேறே.

லாரி, டாக்சி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்க்கும் இது பாடமாகும். கியரில் விட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். சரிவில், அதிலும் பாரவண்டிக்கு, அது போதாது. வண்டி தானே நகராதபடி செய்தபின்பே இறங்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. சரிவானால் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும்.

ஓடும் வண்டியைத் தடுக்க டிரைவர் உண்டு. உருளும் வண்டிக்கு எவருமில்லை. நடைபாதையில் உறங்குபவன் ஊரிலிருந்து பிழைக்க வந்த நம் சகோதரனாகவும் இருக்கலாம். கைப்பிரேக்கை இழுக்க ஒரு நொடி போதும்.