பிளைவீல் இளைத்தால் கார் பறக்குமா?

பெரியப்பா வீட்டு கார் 2008 மாடல் ஸ்விப்ட், பெட்ரோல். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. போன மாதம் கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். உடனே எங்கள் அண்ணனுக்கு ஒரு யோசனை.

"எப்படியும் கியர்பாக்ஸ் இறங்குது. அப்படியே லைட் வெயிட் பிளைவீல் போட்டுட்டா லேபர் மிச்சம்டா. நீ பி.காம். தானே, லாபமா நஷ்டமா சொல்லு" என்றான்.

கேட்டது தப்பாய்ப் போச்சு. உட்கார்ந்து படித்து, கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினசரி ஓட்டுகிற வண்டிக்கு இது வேண்டாம். ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், பிளைவீல் எதற்கு? நம்ம பக்கத்து கொல்லைகளில் தண்ணீர் இறைத்த பழைய ஆயில் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சுற்றும். அதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வேலை செய்கிறது. மற்ற ஸ்ட்ரோக்குகளை ஓட்டிக்கொடுப்பது அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி. புல்லட்டின் நிதானமான டுப் டுப் சத்தத்துக்குப் பின்னாலும் இதே மாதிரி கனமான சக்கரம்தான். நாலு சிலிண்டர் காரில் அரைச் சுற்றுக்கு ஒரு அடி விழுவதால் அவ்வளவு கனம் வேண்டியதில்லை. ஆனாலும் வேண்டும்.

எங்கள் பாஷையில் சொன்னால் பிளைவீல் ஒரு ரிசர்வ் ஃபண்ட். அது வருமானம் இல்லை. இன்ஜின் சம்பாதிப்பதில் கொஞ்சம் பிடித்து வைத்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கும். அதைக் குறைத்தால் இன்ஜினின் குதிரைசக்தி ஒரு துளிகூட ஏறாது. பிடித்தம் குறைவதால் ஆர்பிஎம் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு வித்தியாசம்? சுலபமான எண்களோடு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பிளைவீல் 7 கிலோ, விட்டம் 25 செ.மீ. அதை 4 கிலோ ஆக்குகிறோம். டயரின் ஆரம் 28 செ.மீ. முதல் கியரில் இன்ஜின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அஞ்சாவது கியரில் 3 சுற்றுக்கு ஒன்று.

கணக்குப் போட்டால், முதல் கியரில் காரிலிருந்து சுமார் 60 கிலோ இறங்கின மாதிரி இருக்கும். ஒரு ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். பரவாயில்லையே என்கிறீர்களா? அஞ்சாவது கியருக்கு வாங்க. அங்கே லாபம் 3 கிலோவுக்கும் கீழே! தண்ணீர் பாட்டில் மூன்றை இறக்கி வைத்தாலே போதும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது, வேண்டிய இடத்தில், கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. சீரான வேகத்தில் மைலேஜும் மாறாது.

இப்போது செலவுப் பக்கம். ஐடிலில் பிளைவீலில் 100 ரூபாய் இருப்பு இருந்தது என்றால், இளைத்தபின் 57 ரூபாய்தான். லாரன்ஸ் ரோட்டில் ஏசி போட்டுக்கொண்டு, முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் பைக் என்று ஊர்ந்து போகும்போது கிளட்சை விடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இருப்பிலிருந்துதான் எடுக்கிறோம். இருப்பு குறைந்தால் வண்டி ஆஃப் ஆகும். ஆஃப் ஆகாமலிருக்க ஆக்சிலேட்டரை ஏற்றி, கிளட்சை அரைகுறையாகப் பிடிப்போம். கிளட்ச் உரசுகிற சூட்டை வாங்கிக்கொள்வதும் பிளைவீல்தான். இரும்பு குறைந்தால் அது சீக்கிரம் சூடாகும். புதுசாகப் போட்ட கிளட்ச் செட் மறுபடி தேயும். லேபர் மிச்சம் என்ற கணக்கு எங்கே போச்சு?

இதைவிட மோசம் ஒன்று உண்டு. "எதுக்கு வாங்கணும், லேத்துல கொடுத்து வெட்டிடலாம்" என்கிற ஐடியா. ஆர்.எக்ஸ்.100 மேக்னட்டை வெட்டின கதைகள் எல்லா ஊரிலும் இருக்கும். என் நண்பன் வண்டி அதற்கப்புறம் சிக்னலில் முறுக்கிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். கார் விஷயம் இன்னும் ஆபத்து. பல கார்களில் பிளைவீல் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் மேல் விழுவது முழுக்க வெளிப்பக்க இழுவை. மெல்லிசாக்கினதில் விரிசல் விட்டு வெடித்தால் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். பக்கத்திலேயே டிரைவரின் கால்! ரேஸ் கார் பிளைவீலுக்கும் கிளட்சுக்கும் எஸ்.எஃப்.ஐ. என்று தனியாகத் தரச்சான்று வைத்திருப்பது சும்மா இல்லை.

அப்படியானால் லைட் வெயிட் பிளைவீல் ஏமாற்று வேலையா? இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓட்டுகிறவருக்கு அது நியாயமான செலவு. அவர் ஐடிலில் நிற்பதே இல்லை, டவுன்ஷிஃப்ட் பண்ணும்போது ஆர்பிஎம் பட்டென்று ஏற வேண்டும். அவருக்கும் நான் சொல்வது: ஸ்டீலில் செய்தது, பேலன்ஸ் பார்த்தது, போல்ட் துளை, ரிங் கியர் பல், கிளட்ச் பிளேட் அளவு எல்லாம் உங்கள் இன்ஜினுக்கே ஒத்துப்போவது. டூயல் மாஸ் பிளைவீல் வைத்த டீசல் வண்டி என்றால் கையே வைக்காதீர்கள். அதிர்வை வாங்கிக்கொள்கிற ஸ்பிரிங் அதற்குள்தான் இருக்கிறது. எடுத்தால் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "இந்தக் காரை அதிகம் ஓட்டுவது யார்?"

பதில் வரவில்லை. ஓட்டுவது அக்கா. லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. பெரியப்பாவை மாதாமாதம் செக்கப்புக்கு ஜிப்மர் கூட்டிப்போவதும் அவள்தான். நாலு வழி சந்திப்பில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் தனியார் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தால் அந்த நிமிஷம் அவளுக்கு எப்படி இருக்கும்? அண்ணனுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் வரை ஒரு ரவுண்டு, முதல் இரண்டு கியரில் ஒரு உற்சாகம். செலவைக் கட்டுவது வாரம் முழுக்க அக்கா. ரிசர்வ் ஃபண்டை எடுத்து ஒரே ஒரு பங்குதாரருக்கு மட்டும் டிவிடெண்ட் கொடுத்தால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?

வீட்டில் எல்லோரும் ஓட்டுகிற வண்டியில் எதை மாற்றினாலும், நன்றாக ஓட்டத் தெரிந்தவரைக் கேட்காதீர்கள். இப்போதுதான் கற்றுக்கொண்டவரைக் கேளுங்கள்.

ஒரிஜினல் பிளைவீல் அப்படியே இருக்கட்டும், கிளட்ச் செட் மட்டும் மாற்றலாம் என்று முடிவாகிவிட்டது. மிச்சப் பணத்தில் முன் டயர் இரண்டு புதுசு. அண்ணன் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை :-)

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, மேலே உள்ள எடைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் வண்டியின் எண்களைப் போட்டால் விடை கொஞ்சம் மாறும். முதல் கியருக்கும் அஞ்சாவது கியருக்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளி மாறாது.