கோபுரத்துக்குக் காவல் இருக்கு, காட்டுக்கும் இருக்கு... நடுவுல இருக்கிற தோப்புக்கு?

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஊருக்கு வரும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் தலை தானாக வலது பக்கம் திரும்பும். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியும். "வந்தாச்சும்மா" என்று வீட்டுக்கு ஒரு போன் போகும்.

அந்த மலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, இடையிடையே புளியமரம், கண்மாய்க்கரை. வெயில் கொளுத்தும் இந்த மாவட்டத்தில் இரண்டு ஊர்களுக்கும் ஒரு தனி முகத்தைக் கொடுப்பது இதுதான். இப்போது இது கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா? கேட்கத்தான் வேண்டுமா?

பாரம்பரியம்னா கட்டடம் மட்டும்தானா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் 11 நிலைக் கோபுரம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரின் கதை தொடங்குவது ஒரு தோட்டத்தில். பெரியாழ்வார் பூத்தொடுத்த நந்தவனத்தில், துளசிச் செடிக்கு அடியில் ஆண்டாள் கிடைத்ததாகத்தான் ஐதிகம். அந்த நந்தவனம் இன்றும் இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் இடத்தின் பெயரே செண்பகத்தோப்பு!

ராஜபாளையத்திலும் இப்படித்தான். முடங்கியாறு ரோட்டில் அய்யனார் கோவிலை நோக்கிப் போனால் இரண்டு பக்கமும் மாவும் தென்னையும். இந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய சப்பட்டை மாம்பழத்தைச் சீசனில் பெட்டியாகக் கட்டி, சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பாத வீடு குறைவு. ஊரின் குடிதண்ணீர் வரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்தப் பக்கம்தான்.

ஆக, தோப்பு இங்கே வெறும் விவசாய நிலம் இல்லை. ஊரின் அடையாளமே அதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

கோயிலைப் பார்த்துக்கொள்ள அறநிலையத் துறை இருக்கிறது. மலையில் 1988-லேயே சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. இரண்டு முனையிலும் காவல் உண்டு.

நடுவில்? 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளுக்கு மட்டும்தான். 2021-ல் அமைக்கப்பட்ட பசுமைக் குழுக்கள் அரசு நிலத்தில் உள்ள மரங்களைத்தான் கவனிக்கின்றன. சமவெளியில் இருக்கும் தனியார் தோப்பு இந்த இரண்டிலும் சேராது.

சாம்பல் நிற அணிலுக்கு இந்த எல்லைக்கோடு தெரியுமா என்ன? பக்கத்து மரத்தோடு கிளை கோத்து நிற்கும் மரமாகப் பார்த்துத்தான் அது கூடு கட்டும். ஆபத்து வந்தால் தரையிறங்காமல் தாவிப் போக வேண்டுமே! சரணாலயத்தை ஒட்டிய தோப்புகளுக்கும் அது வரும். அங்கே வரிசையாக மரங்கள் போனால், அதன் பாதையும் அங்கேயே அறுந்துவிடும்.

வெளியூரில் எப்படி?

டெல்லியில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த வீட்டு மரமாக இருந்தாலும் வெட்ட அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் 1967 முதல் 'பாதுகாப்புப் பகுதி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு கட்டடத்தை மட்டும் பார்க்காமல், தெரு, மரம், வேலி என்று மொத்தப் பகுதியின் குணத்தையும் காப்பது அதன் நோக்கம். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் அப்படிப்பட்ட பகுதி. அங்கே வளர்ந்த மரத்தை வெட்ட நினைத்தால், உள்ளாட்சிக்கு ஆறு வாரம் முன்பே சொல்லியாக வேண்டும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. தோப்பு வைத்திருப்பவரின் கஷ்டமும் நிஜம். விளைச்சல் கூடினால் விலை விழுந்துவிடும். அடிவாரத்தில் யானை, காட்டுப்பன்றி தொல்லை. வேலைக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். "ஊருக்கு நிழல் வேணும்னா நான் மட்டும் ஏன் நஷ்டப்படணும்?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. வெட்டக் கூடாது என்று மட்டும் சொல்லும் சட்டம் வந்தால், அது வருவதற்கு முந்தின வாரமே மரங்கள் சாய்ந்துவிடும்.

அப்போ என்னதான் வழி?

விற்பதைத் தடுக்க வேண்டாம். எப்படி மனை பிரிப்பது என்பதை மாற்றலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை பிரித்தால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் விலை போகாத மூலைதான் அதற்கு ஒதுங்கும். முதிர்ந்த மரங்கள் நிற்கும் இடத்தையும் ஓடைக்கரையையும் அந்த 10 சதவீதமாகக் காட்டச் சொன்னால் என்ன? நிலத்துக்காரருக்குப் பைசா நஷ்டம் இல்லை. இந்த இரண்டு தாலுகாக்களில் சோதனை முயற்சியாக இதைத் தொடங்கலாம். தோப்பைத் தோப்பாகவே வைத்திருப்பவருக்குச் சொத்துவரியிலும் காட்டு விலங்குச் சேத இழப்பீட்டிலும் முன்னுரிமை கொடுக்கலாம்.

சொந்தச் சொத்தை ஊருக்காக யோசிப்பது இங்கே புதிதும் இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவ்வளவு பெரிய மனசு எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. நாம் கேட்பது பத்து மரம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தத் தோப்புகளின் அடுத்த வாரிசுகள். "தாத்தா தோப்பைக் குடுத்துரலாமா?" என்ற மெசேஜ் ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும். அன்றைக்குத் தம்ஸ்-அப் போடும் முன், லேஅவுட் வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அந்த 10 சதவீதம் எந்த இடத்தில் வருகிறது, அங்கே எந்த மரம் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.